தறப்பாள் மூடிய விறகு

ஈர விறகு எரியத் தொடங்கும் முன் சத்தம் போடும். கட்டையின் வெட்டிய முனையில் நுரை கட்டி, கேத்தலின் மூக்கிலிருந்து ஆவி வருவது போல 'ஸ்ஸ்ஸ்' என்று நெடுநேரம் இழுத்துக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகுதான் புகை, அதற்கும் வெகுநேரம் கழித்து, மனமிருந்தால், ஒரு சின்னச் சுவாலை. அம்மா அதைக் "கட்டை சிணுங்குது" என்பார். எனக்குப் பதினொரு வயதாக இருந்த அந்தக் குளிர்காலத்தின் முதற்பாதி முழுவதும் எங்கள் வீட்டில் கட்டை சிணுங்கிக்கொண்டேயிருந்தது. அந்தப் புகைமணம் என் பள்ளிக்கூடக் கம்பளி ஜம்பரில் ஏறி, தலைமயிரில் ஏறி, மதியச் சாப்பாட்டுப் பெட்டிக்குள்ளும் ஏறியிருந்தது. வகுப்பில் பக்கத்தில் இருந்த பிள்ளை, நீங்கள் ஒவ்வொரு வாரமும் காம்பிங் போவீர்களா என்று பொறாமையோடு கேட்டாள். ஆம் என்று சொல்லிவிட்டேன். வீட்டு நிலைமையை விளக்குவதைவிட அது சுலபமாக இருந்தது.

மெல்பேர்ன் தமிழர்கள் வீடு தேடுவதற்கென்று எழுதாத முறை ஒன்று இருக்கிறது. ரயில் நிலையம் பக்கத்தில் இருக்க வேண்டும், மீன்கடை நடக்கிற தூரத்தில் இருக்க வேண்டும், அவசரத்துக்குப் பிள்ளையை விட்டுவிட்டுப் போக அதே தெருவில் ஓர் அன்ரி இருக்க வேண்டும். நாங்களும் முதலில் அப்படித்தான் ஸ்பிரிங்வேலில் ஒரு ஃபிளாட்டில் இருந்தோம். மேல்வீட்டுக்காரர் கதிரையை இழுத்தால் அப்பா சாப்பாட்டுக் கோப்பையோடு எழும்பி நின்றுவிடுவார். குப்பை வண்டி வருகிற நாளில் அவருடைய முகத்தைப் பார்க்க முடியாது. வன்னியில் போருக்குள் இடம்பெயர்ந்து, நீலத் தார்ப்பாய்க்குக் கீழே மழையையும் மற்றதையும் கழித்துவிட்டு வந்த மனிதருக்குச் சத்தம் என்றால் ஆகாது. ஆகவே ஒருநாள் அவர் இந்த முறைகளையெல்லாம் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, மலையடிவாரத்தில் த பேசின் என்ற இடத்தில், வானத்தை மறைக்கிற உயரத்துக்கு நிற்கும் யூக்கலிப்டஸ் மரங்களுக்கிடையே ஒரு பழைய பலகை வீட்டை வாடகைக்குப் பிடித்தார். பிள்ளையார் கோயில் கிட்ட என்று கேட்டவர்களுக்கெல்லாம் காரணம் சொன்னார். அம்மாவிடம் கேட்கவில்லை. வீட்டைப் பிடித்த பிறகுதான் காட்டினார்.

அம்மா ஊரில் ஒரு பாலர் பாடசாலையில் படிப்பித்தவர். கதைக்காமல் இருக்க அவருக்குத் தெரியாது. ஸ்பிரிங்வேலில் மீன் வாங்கப் போனால் மீனோடு நாலு குடும்பத்துச் சங்கதியையும் வாங்கிக்கொண்டுதான் திரும்புவார். த பேசினில் அவருக்குக் கதைக்கக் கிடைத்தது என் தங்கச்சி மட்டும். அவளுக்கு அப்போது ஒரு வயது, தெரிந்ததெல்லாம் "பால்" என்ற ஒரு சொல். அப்பா டண்டினோங் பக்கத்தில் ஒரு களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார்; விடிய முன்னர் காரை எடுத்துக்கொண்டு போனால் பின்னேரம்தான் வருவார். அம்மாவுக்குக் கார் ஓடத் தெரியாது. பஸ் எப்போதாவது வரும், அந்த நிறுத்தத்துக்குப் போகிற தெருவில் நடைபாதையும் கிடையாது. மலை கிழக்குப் பக்கம் நின்றதால் சூரியன்கூட எங்கள் வீட்டுக்குப் பிந்தித்தான் வரும், வந்தாலும் மரங்களுக்குள் தட்டுத்தடுமாறி, பாதி வழியிலேயே திரும்பிவிடும்.

அந்த வீட்டில் குளிரை விரட்ட ஒரே ஒரு சாமான்தான் இருந்தது. முன்னறையில் ஒரு விறகு ஹீட்டர், கால்கள் வைத்த கரிய இரும்புப் பெட்டி. முன்னால் கண்ணாடிக் கதவு. மேலே கூரையைத் துளைத்துக்கொண்டு போகிற புகைக்குழாய். கீழே காற்றுக்கு ஒரு சின்னப் பிடி. பிடியை வலப்பக்கம் இழுத்தால் நெருப்பு எழும்பும், இடப்பக்கம் தள்ளினால் அடங்கும். அந்த அறை மட்டும்தான் சூடு. மற்ற அறைகளில் மூச்சு விட்டால் புகை தெரியும். ஆகவே மெத்தைகள் முன்னறைக்கு வந்தன. பிறகு தொலைக்காட்சி, பிறகு உடுப்புக் காயப்போடும் சட்டம், பிறகு தங்கச்சியின் தொட்டில், கடைசியில் சுவாமிப் படமும் வந்தது. அம்மா குளிர்ச் சட்டையும் கம்பளித் தொப்பியும் போட்டுக்கொண்டு குசினிக்குள் ஓடிப்போய்ச் சோறு வைத்துவிட்டு ஓடிவருவார். குளியலறைக்குப் போவதென்றால் எனக்கு அரைமணி நேரம் மனதைத் திடப்படுத்த வேண்டும். நாலு பேர், ஈரத் துணி, புகை, தொலைக்காட்சி, என் கணக்குப் பாடம் எல்லாம் அந்த ஓர் அறைக்குள் கிடந்தன. ஒருவர் தும்மினால் நாலு பேருக்கும் தூக்கிவாரிப் போடும்.

அப்பா எதையும் அரைகுறையாக மூட மாட்டார். சூடு வெளியே போகாமல் இருக்க ஜன்னல் கண்ணாடிகள் முழுவதிலும் பார்சல் சுற்றுகிற குமிழ்த்தாளை ஒட்டினார். கதவுகளுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்தார். காற்று வருகிறதோ இல்லையோ, கண்ட ஓட்டையிலெல்லாம் பழுப்பு நிற டேப்பை ஒட்டினார். அதற்குப் பிறகு வெளியே நிற்கிற மரம் எனக்கு மரமாகத் தெரியவில்லை. பச்சையாக ஏதோ அசைவது மட்டும் தெரிந்தது. யாராவது தெருவில் போனால் மனிதரா கங்காருவா என்று நானும் அம்மாவும் பந்தயம் கட்டுவோம். கங்காரு ஒருநாளும் வரவில்லை. மனிதர்களும் குறைவுதான்.

"மூடின வீட்டுக்குள்ள ஒண்டும் வராது," என்பார் அப்பா, டேப்பை விரலால் அழுத்தியபடி.

"வெளியிலயும் ஒண்டும் போகாதப்பா," என்பார் அம்மா.

விறகையும் அவர் அப்படித்தான் மூடினார். கோடை முடிகிற நேரத்தில், இணையத்தில் விளம்பரம் பார்த்துக் கூப்பிட்ட ஒருவர் ட்ரெய்லரில் கொண்டுவந்து கொட்டிய விறகு அது. நன்றாகக் காய்ந்த கடுமரம் என்று அவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அம்மா இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடு ஒன்றைத் தட்டிப் பார்த்தார். காய்ந்த விறகு தட்டினால் 'டங்' என்று கேட்கும். இது 'தொப்' என்றது. பட்டை மரத்தோடு இறுக ஒட்டியிருந்தது. முனைகளில் ஒரு வெடிப்பும் இல்லை. மூக்கருகில் பிடித்தால் யூக்கலிப்டஸ் தைலப் போத்தலைத் திறந்தது போல மணத்தது.

"இது காயேல்லையப்பா. வெட்டி ஒரு வருசமெண்டாலும் கிடந்து காயவேணும்," என்றார் அம்மா.

"குளிருக்கிடையில காய்ஞ்சிடும்," என்றார் அப்பா. வேலிக்கரையில் வெறும் நிலத்தில் அடுக்கினார். மேலே நீலத் தார்ப்பாயைப் போட்டார். எங்கள் வீட்டில் அதற்குத் 'தறப்பாள்' என்று பெயர். அப்பா எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் வாங்குவது அதைத்தான். மேலே போட்டதோடு நிறுத்தியிருந்தால் காரியம் கெட்டிருக்காது. அவர் நாலு பக்கமும் நிலம்வரை இழுத்து, விளிம்புகளைச் செங்கல்லுக்குக் கீழே செருகி, மேலால் கயிறும் போட்டுக் கட்டினார். கப்பலில் ஊருக்கு அனுப்பப் போகிற பார்சல் போல அது வேலிக்கரையில் கிடந்தது.

"மேலால மட்டும் மூடுங்கோ. பக்கம் திறந்து கிடக்கட்டும், காத்துப் போகட்டும்," என்று அம்மா எத்தனை தரம் சொல்லியிருப்பார்.

"மழைக்குள்ள பக்கம் திறந்து கிடந்தா என்ன நடக்குமெண்டு உமக்குத் தெரியாதோ?" என்று அப்பா கேட்டார். அப்பா கதைத்தது விறகைப் பற்றியல்ல என்பது அம்மாவுக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். எனக்கு விளங்கப் பல வருடம் சென்றது.

தறப்பாளுக்குள் விறகு காயவில்லை, வியர்த்தது. ஈரம் ஆவியாகி மேலே ஒட்டி, துளித்துளியாக அதே கட்டைகளில் திரும்ப விழுந்தது. ஜூன் மாதம் அப்பா ஒரு மூலையைத் தூக்கியபோது பட்டைகளில் வெள்ளைப் பூஞ்சணம் பிடித்திருந்தது, கீழ் வரிசையில் காளானும் முளைத்திருந்தது. அப்பா நாலு கட்டையை எடுத்துக்கொண்டு மூலையைத் திரும்ப மூடினார். செங்கல்லையும் மறக்காமல் வைத்தார்.

ஈர விறகுக்கு ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பத்து நிமிடம் பார்க்காமல் விட்டால் போதும், மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நூர்ந்துவிடும். மற்றவர்கள் வீட்டில் நெருப்பு அணையும். யாழ்ப்பாணத்துப் பேச்சில் எங்கள் வீட்டில் அது நூரும். நூர்ந்தால் திரும்ப மூட்டி, இரும்பு சூடேறி, அறை சூடேற ஒரு பின்னேரம் முழுவதும் போய்விடும். அம்மா பகல் முழுவதும் அதன் முன்னால் இருந்தார். ஊதினார், கிண்டினார், கறுத்துப் போன கண்ணாடியைச் சாம்பல் தொட்ட ஈரக் கடதாசியால் துடைத்தார், திரும்ப ஊதினார். நான் பள்ளிக்கூடம் போகும்போது எந்த இடத்தில் இருந்தாரோ, வரும்போதும் அந்த இடத்திலேயே இருப்பார். எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஸ்பிரிங்வேல் சந்தையில் கையை ஆட்டி ஆட்டிக் கதைத்துக்கொண்டு போன அம்மா இவர்தானா என்றிருக்கும்.

அந்த நேரத்தில்தான் அம்மா படிக்கத் தொடங்கினார். முதியவர்களைப் பராமரிக்கும் வேலைக்கான சான்றிதழ் வகுப்பு. எல்லோரும் 'ஏஜ் கெயர்' என்பார்கள். டண்டினோங்கில், வாரத்தில் இரண்டு நாள். தங்கச்சியையும் கொண்டுபோய் அதே கட்டடத்தில் இருந்த குழந்தைகள் காப்பகத்தில் விடலாம். அப்பா ஓம் என்றுதான் சொன்னார். ஆனால் வகுப்பு நாட்களில் நெருப்பு நூர்ந்து போனது. பள்ளிக்கூடத்தால் முதலில் வருகிறவள் நான். நெருப்பைத் தொட எனக்கு அனுமதி இல்லை. சப்பாத்தையும் கழற்றாமல் போர்வைக்குள் புகுந்து, அம்மா வரும்வரை அந்த மங்கல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். பிறகு அம்மா தங்கச்சியோடு வந்து, விறைத்த கையோடு நெருப்பு மூட்டுவார். கொஞ்ச நாளில் தங்கச்சி இருமத் தொடங்கினாள். அந்தச் சின்ன நெஞ்சு இழுக்கிற சத்தம் அறையில் எங்கே படுத்தாலும் கேட்டது. பிள்ளையைச் சூடாக வைத்திருங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

அப்பா அன்று சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டு வந்து சொன்னார்: "இஞ்சரும். நெருப்பு நூராம இருந்தாப் படிக்கப் போம். நூர்ந்தா நிப்பாட்டும்."

அந்தப் படிப்பு முடிந்தால் வேலை, வேலை கிடைத்தால் கார், கார் இருந்தால் இந்த வீட்டைவிட்டு எங்கேயும் போகலாம் என்று அம்மா மனதில் போட்டுவைத்திருந்த கணக்கு எனக்குத் தெரியும். என்னிடம்தான் சொல்லியிருந்தார், வேறு யாரிடம் சொல்வது? ஒரு பெண் வெளியே போவதும் போகாததும் ஒரு விறகுக் கட்டையின் கையில் இருப்பதை நான் அப்போது வெகு நியாயமான விஷயம் போலக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த அறைக்குள் இருந்தால் எல்லாம் நியாயமாகத்தான் தெரியும்.

அடுத்த வகுப்பு நாளில் அம்மா பிந்தி வந்தார். வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், தங்கச்சி அவருடைய இடுப்பில் இருக்கிறாள். அவளுடைய தள்ளுவண்டியில் பட்டியெல்லாம் போட்டு, மேலே போர்வையும் போர்த்தி, விறகு உட்கார்ந்திருக்கிறது. போரோனியா ரயில் நிலையத்திலிருந்து பஸ்ஸுக்கு வருகிற வழியில் விறகு விற்கும் இடம் ஒன்றைக் கண்டு உள்ளே போயிருக்கிறார். அங்கிருந்தவர் ஒவ்வொரு குவியலாகப் பெயர் சொல்ல, அம்மா பெயரைக் காதில் வாங்காமல் ஒவ்வொரு குவியலிலும் இரண்டு கட்டையை எடுத்துத் தட்டிக்கொண்டே போயிருக்கிறார். கடைசியில் 'டங்' என்று கேட்ட குவியலில் நின்றுவிட்டார். அது ரெட்கம் என்ற கடுமரம். கருஞ்சிவப்பு நிறம். பட்டை தானாகவே கழன்றிருந்தது, முனைகளில் நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் வெடிப்பு ஓடியிருந்தது. பஸ்ஸில் ஒரு அம்மையார் போர்வையை விலக்கிக் குழந்தையைப் பார்க்கப் போய்த் திடுக்கிட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி அம்மா சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு நாளாகியிருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ரெட்கம் எரிகிற விதம் வேறு. சுள்ளியும் சிறு பிளவுகளும் போட்டு நெருப்பு எழும்பிய பிறகு, அம்மா இரண்டு பெரிய கட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில், நடுவில் விரல் போகிற அளவு இடைவெளி விட்டு வைத்தார். "ஒண்டை ஒண்டு சுடவேணும். தனிக் கட்டை எரியாது பிள்ளை," என்றார். சிணுங்கல் இல்லை, நுரை இல்லை. முதலில் விளிம்பில் நீலமாகக் கொஞ்சம் ஓடி, பிறகு மெதுவாக உள்ளே சிவந்து, அந்தச் சிவப்பு அப்படியே நின்றது. அம்மா காற்றுப் பிடியை இடப்பக்கமாகக் கொஞ்சம் தள்ளிவிட்டார். கண்ணாடி கறுக்கவில்லை. சனிக்கிழமை காலையில் வைத்த கட்டைகளை நாங்கள் தொடவேயில்லை. பின்னேரம் சாம்பலைக் கிண்டினால் உள்ளே தணல் கோவைப்பழம் மாதிரிக் கிடந்தது. அதன்மேல் அடுத்த கட்டையை வைத்தால் நெருப்புக்குச்சியே வேண்டாம்.

அம்மா அதன் முன்னால் குந்தியிருந்து, "இது என்னைப் போக விடும்," என்றார். என்னிடம் சொன்னாரா, கட்டையிடம் சொன்னாரா தெரியாது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் இரண்டு விறகு இருந்தது. வேலிக்கரையில் அப்பாவின் தறப்பாள் விறகு, பின் வராந்தாவில் அம்மா வகுப்பு நாட்களில் தள்ளுவண்டியில் கொண்டுவந்து சேர்த்த ரெட்கம். அம்மா தன் விறகை ஒரு பழைய மரப்பலகைத் தட்டில், சுவரிலிருந்து தள்ளி, காற்றுப் போகும்படி அடுக்கி வைத்தார். அப்பா அதைப் பார்த்தும் பார்க்காதவர் போல நடந்து போவார். வகுப்பு நாட்களில் நெருப்பு நூரவில்லை. தங்கச்சியின் இருமல் குறைந்தது. சொன்ன நிபந்தனையில் அப்பா தோற்றுக்கொண்டிருந்தார்.

ஜூலை விடுமுறையில் அம்மாவுக்கு நேரடிப் பயிற்சி வந்தது. ஒரு முதியோர் இல்லத்தில் காலையிலிருந்து பின்னேரம்வரை, தொடர்ந்து சில வாரங்கள். முழுதாக முடித்தால்தான் சான்றிதழ். விடுமுறையில் காப்பகம் கிடையாது, ஆகவே தங்கச்சியைப் பார்க்க அப்பா லீவு எடுத்தார். யாரும் கேட்காமல் தானாகவே எடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். முதல்நாள் காலையில் அம்மா நீலச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் போட்டு, நெருப்பை மூட்டி, இரண்டு கட்டையையும் வைத்து, பிடியைத் தள்ளிவிட்டு, "அது தன்ர பாட்டில கிடக்கும். ஒண்டும் செய்யத் தேவையில்லை. போட்டு வாறன்," என்றார். பஸ்ஸுக்கு ஓடுகிற அவருடைய சப்பாத்துச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

தங்கச்சி பால் குடித்துத் தூங்கிப் போனாள். நான் நூலகப் புத்தகம் ஒன்றை விரித்து வைத்திருந்தேன். அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு நெருப்பைப் பார்த்தபடி நிலத்தில் இருந்தார். எவ்வளவு நேரம் அப்படி இருந்தாரோ, பிறகு எழுந்து கண்ணாடிக் கதவைத் திறந்தார். இடுக்கியை எடுத்தார். நன்றாகச் சிவந்துகொண்டிருந்த இரண்டு கட்டைகளையும், ஒன்றை இந்தச் சுவர்ப்பக்கம், மற்றதை அந்தச் சுவர்ப்பக்கம் என்று பிரித்துத் தள்ளினார். கதவை மூடி, காற்றுப் பிடியை இடப்பக்கக் கடைசிவரை அழுத்தினார்.

"அப்பா, வாட் ஆர் யூ டூயிங்?" என்று கேட்டேன்.

"நீ படி," என்றார்.

சிவப்பு மெல்ல மெல்ல உள்ளே இறங்கியது. கட்டைகள் புகைந்தன, பிறகு அதையும் விட்டன. இரும்பு ஆறும்போது 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வரும். அது கேட்டது, பிறகு நின்றது. குளிர் முதலில் நிலத்திலிருந்து வந்தது. அப்பா தன்னுடைய பெரிய ஜாக்கெட்டைக் கழற்றித் தங்கச்சிக்குப் போர்த்தினார். பிறகு இன்னொரு போர்வையைக் கொண்டுவந்து எனக்குப் போர்த்தினார். அவர் வெறும் சேர்ட்டோடு இருந்தார். எனக்கு அவர்மீது அப்படி ஒரு கோபம் வந்தது. போர்வையை உதறிவிட்டு எங்கேயாவது போய்விட வேண்டும் போலிருந்தது. ஆனால் போக எந்த அறை இருக்கிறது? நெருப்பில்லாத அந்த முன்னறைக்குள்தான், மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல், அம்மா வரும்வரை இருந்தோம்.

அம்மா கதவைத் திறந்ததுமே குளிரை உணர்ந்திருப்பார். பையைக்கூட வைக்காமல் நேரே வந்து ஹீட்டரைத் திறந்தார். இரண்டு கட்டைகளும் கறுத்து, பாதிக்கு மேல் எரியாமல், ஆளுக்கொரு சுவரோடு கிடந்தன. அவர் கனநேரம் குனிந்து பார்த்தார்.

"தானா நூர்ந்தாச் சாம்பல் கிடக்கும்," என்றார், திரும்பாமலே. "இது நூர்ந்ததில்லை. நீங்கள் நூத்தனீங்கள்."

"நூராட்டி நீர் நாளைக்கும் போவீர்," என்றார் அப்பா.

"நூர்ந்தாலும் போவன்."

அம்மா அதை உரக்கச் சொல்லவில்லை. உரக்கச் சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும், சண்டை முடிந்தும் இருக்கும். அவர் சொன்ன விதத்தில் முடிவு மட்டும்தான் இருந்தது. அப்பாவின் முகம் அதைக் கேட்டதும் எப்படியோ ஆகிவிட்டது.

"சத்தம் வேண்டாமெண்டுதானே இஞ்ச வந்தனீங்கள்?" என்று அம்மா கேட்டார். "இப்ப சத்தமில்லாம இருக்குத்தானே. பிறகென்ன?"

"நீர் கதைக்கிறது எனக்குச் சத்தமில்லை," என்றார் அப்பா.

தங்கச்சி எழும்பி அழுதாள். அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்து அவளைத் தூக்கினார். அப்பா முழங்காலில் இருந்து, கறுத்த கட்டைகளை இடுக்கியால் நடுவுக்குக் கொண்டுவந்து, சுள்ளி வைத்து மூட்டினார். அவருக்கு நெருப்பு லேசில் பற்றவில்லை.

மறுநாளும் அம்மா போனார். அப்பா கட்டைகளைத் தொடவில்லை. மத்தியானம் வெளியே போய், தறப்பாளின் பக்கங்களைச் சுருட்டி மேலே கட்டிவிட்டு வந்தார்; ஜூலை மாதத்தில் அதைச் செய்து ஒரு பிரயோசனமும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். அந்தக் குளிர்காலம் முடிய அம்மா சான்றிதழ் எடுத்தார், ஸ்பிரிங்வேலில் வேலை எடுத்தார், கோடையில் நாங்கள் அங்கேயே வீடு மாறினோம். வேலிக்கரை விறகு அப்போதுதான் நன்றாகக் காய்ந்திருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

புது வீட்டில் எல்லா அறைக்கும் தரைக்குள்ளால் சூடு வந்தது. சுவரில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். எனக்கென்று ஓர் அறை, ஜன்னலில் உண்மையான மரம், தெருவில் உண்மையான மனிதர்கள். நான் வாரக்கணக்கில் அந்த ஜன்னலைவிட்டு அசையவில்லை. அம்மாவின் சிநேகிதிகள் வந்தால் சிரிப்புச் சத்தம் தெருவுக்குக் கேட்கும். அப்பா பின்பக்கத்து அறையை எடுத்துக்கொண்டார், திரைச்சீலையையும் இழுத்துவிட்டுக்கொண்டார். வேலைக்குப் போனார், வந்தார், கேட்டால் பதில் சொன்னார். எங்களோடு கோபம் போலும் என்று நினைத்தேன். விடுதலை கிடைத்த சந்தோஷத்தில் அதை யார் போய் விசாரிப்பது?

இப்போது நான் சிட்னியில், லிட்கம்மில், ஒன்பதாம் மாடியில் இருக்கிறேன். விறகு விற்கிற இடம் எங்கே என்று கேட்டால் எனக்குத் தெரியாது. என் மகனுக்கு நெருப்பு என்பது பிறந்தநாள் மெழுகுதிரியில் மட்டும் இருப்பது. அப்பா காலமாகிவிட்டார். போன குளிர்காலம் மெல்பேர்ன் போனபோது அம்மா என்னை த பேசின் பிள்ளையார் கோயிலுக்குத் தன் காரில் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது, நான் கேட்காமலே, அந்தப் பழைய தெருவுக்குள் வண்டியைத் திருப்பினார். வீடு இல்லை. அந்த இடத்தில் இரண்டு புது வீடுகள் நின்றன, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஏசிப் பெட்டி. உயரமாக நின்ற மரங்களிலும் பாதியைக் காணவில்லை. அம்மா காரை ஓரமாக நிறுத்தினார்.

"நல்லகாலம் அம்மா, இஞ்சயிருந்து தப்பினம்," என்றேன்.

அம்மா ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுக்கவில்லை.

"இந்த வீட்டிலதான் உன்ர அப்பா நித்திரை கொண்டவர்," என்றார். "சத்தம் போட்டு எழும்பாம, விடியும்வரைக்கும். ஸ்பிரிங்வேலுக்குப் போனாப் பிறகு ஒருநாளும் இல்லை. போனா அப்பிடித்தான் வருமெண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. தெரிஞ்சுகொண்டுதான் போனனான்."

பிறகு கண்ணாடியில் பின்னால் பார்த்து, வேறு வாகனம் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, காரைத் தெருவுக்கு எடுத்தார்.